2027 டூர் டி பிரான்ஸ் தொடக்கத்தைப் பிரித்தானியாவில் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தொடக்கக் கட்டங்களை ஏற்று நடத்தும் எடின்பரோ, லீட்ஸ், மான்செஸ்டர், ஷெஃபீல்ட், லிவர்பூல், கார்டிஃப் உள்ளிட்ட நகரங்களின் சபைகளுக்கும், போட்டி கடந்துசெல்லும் ஊர்களின் உள்ளூராட்சி சபைகளுக்கும், பொதுப் பணத்தை வழங்கும் அரசுத் திணைக்களங்களுக்கும்.

மதிப்புக்குரிய ஐயா, அம்மையீர்,

2027 ஜூலை 2ஆம் திகதி ஆண்களுக்கான டூர் டி பிரான்ஸ் சைக்கிளோட்டம், ஒரு நாளுக்கு ஒரு கட்டமாக, எடின்பரோவில் தொடங்கிக் கார்லைல் வரை செல்லும் என்றும், இரண்டாம் கட்டம் கெஸ்விக்கிலிருந்து லிவர்பூலுக்கும் மூன்றாம் கட்டம் வெல்ஷ்பூலிலிருந்து கார்டிஃபுக்கும் அமையும் என்றும் அறிவித்திருக்கிறீர்கள். அதே மாதம் 30ஆம் திகதி பெண்களுக்கான போட்டி லீட்ஸிலிருந்து மான்செஸ்டருக்கும், அடுத்து மான்செஸ்டரிலிருந்து ஷெஃபீல்டுக்கும் சென்று, லண்டனில் தன் மூன்றாம் கட்டத்தை நடத்தும். பிரான்ஸுக்கு வெளியே ஒரே நாட்டில் ஒரே ஆண்டில் இரண்டு போட்டிகளும் தொடங்குவது இதுவே முதற்தடவை. ஷெஃபீல்டில் வாழ்பவன் என்ற முறையிலும், சைக்கிளோட்டத்தைப் பல வருடங்களாகப் பின்தொடர்பவன் என்ற முறையிலும் இதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் 2014இல் ஆண்கள் டூர் இதே யோர்க்ஷயரில் தொடங்கியபோது நடந்ததையும் அதன்பிறகு நடந்ததையும் அருகிலிருந்து பார்த்தவர்கள் உங்களிடம் கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறது. போட்டிக்கான பணத்தை ஒதுக்கும் அதே தீர்மானத்திலேயே, போட்டி போனபின் என்ன செய்யப்போகிறோம் என்பதற்கான பணத்தையும் அதற்குப் பொறுப்பேற்கும் அமைப்பையும் எழுத்தில் வைத்துவிடுங்கள். வண்டிகள் வந்து போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கமாட்டார்கள்.

டூர் முதன்முதலாகப் பிரான்ஸுக்கு வெளியே தொடங்கியது 1954இல், அம்ஸ்டர்டாமில். அன்றிலிருந்து மேற்கு பெர்லின், டப்ளின், லண்டன், கோப்பன்ஹேகன், புளோரன்ஸ் என்று பல நகரங்கள் வரிசையில் நின்று அந்த மரியாதையை வாங்கியிருக்கின்றன. இத்தாலியின் ஜிரோ, ஸ்பெயினின் வுவெல்தா ஆகிய பெரிய சைக்கிளோட்டங்களும் அதே வழியில் வெளிநாடுகளுக்குப் போகின்றன. ‘வாங்கியிருக்கின்றன’ என்று நான் எழுதியது தவறுதலாக அல்ல. உதைபந்தாட்டத்துக்கு இருப்பதுபோல் இந்த விளையாட்டுக்கு மைதானமும் இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை. வீதியோரத்தில் நிற்பவர் ஒரு சதமும் கொடுக்கவேண்டியதில்லை. ஆகவே போட்டியை நடத்தும் பிரெஞ்சு நிறுவனம் தன் வருமானத்தை ஒளிபரப்பு உரிமையிலிருந்தும் அனுசரணையாளர்களிடமிருந்தும், கட்டங்களை ஏற்று நடத்தும் நகரங்கள் செலுத்தும் கட்டணத்திலிருந்தும் பெறுகிறது. கட்டணத்துக்கு மேலாக, வீதிகளைச் செப்பனிடுவது, நடுவே இருக்கும் தடுப்புத் தீவுகளையும் வேகத்தடைகளையும் அகற்றிப் பின்னர் மீண்டும் பொருத்துவது, பொலிஸார், தடுப்புவேலிகள், கழிப்பறைகள், குப்பை அகற்றல் ஆகிய எல்லாமே ஏற்று நடத்துபவரின் தலையில் விழுகின்றன. பெருங்கட்டணமும் பெருஞ்செலவும் கொடுக்கும் நகரத்துக்குத் திரும்பி வருவது வெளியூர்க்காரர் செலவழிக்கும் பணமும், தொலைக்காட்சியில் மூன்று நாள் தெரியும் மலைகளும், நற்பெயரும். இவற்றில் முதலாவது மட்டுமே ஓரளவுக்கேனும் எண்ணக்கூடியது.

2014 ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. யோர்க்கிலிருந்து ஷெஃபீல்ட் வரையிலான 201 கிலோமீட்டர் கட்டத்தின் கடைசி ஏற்றமாக ஜென்கின் வீதியைத் தேர்ந்திருந்தார்கள். அது சுற்றுலாப் பயணிகள் தேடிப்போகும் இடமன்று. பழைய உருக்காலைப் பகுதியின் மேலே, செங்கல் வீடுகளுக்கு நடுவே, நேராக வானத்துக்கு ஏறுவது போன்ற ஒரு குடியிருப்பு வீதி. நீளம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு, ஆனால் ஓரிடத்தில் சரிவு 33 சதவீதத்தைத் தொடுகிறது. அந்த இடத்தில் நடைபாதையில் நிற்பதற்கே குதிகாலை ஊன்றிக்கொள்ளவேண்டும். காலையிலிருந்து காத்திருந்த கூட்டத்தின் நடுவே முதலில் விளம்பர ஊர்வலம் வந்தது. தொப்பிகளும் சாவிக்கொத்துகளும் இனிப்புகளும் பறந்தன. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் தன் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, விழுந்தவற்றைச் சிறுவர்களுக்குப் பங்கிட்டுக்கொண்டிருந்தார். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஹெலிகொப்டர் சத்தம், மோட்டார் சைக்கிள்கள், முன்னணியில் ஒரு சிறு கூட்டம். ஒவ்வொருவர் முகத்திலும் வியர்வையோடு வீதிப் புழுதி ஒட்டியிருந்ததைக் கைநீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் பார்த்தோம். அங்கிருந்து இறங்கிப்போன சில நிமிடங்களில் இத்தாலியரான நிபாலி தனியாகப் பிரிந்து கட்டத்தையும், மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவர் அணியும் மஞ்சள் மேற்சட்டையையும் வென்றார். முந்தின நாள் ஹரோகேட்டில், தன் தாயாரின் ஊரில், இறுதி வேக ஓட்டத்தில் விழுந்து தோள் விலகிப் போட்டியைவிட்டே வெளியேறிய பிரித்தானிய வீரர் மார்க் கெவன்டிஷைப் பற்றித்தான் அன்று வீதியோரத்தில் பாதிப் பேச்சு.

2014இல் போட்டி பிரித்தானியாவில் நடந்த மூன்று நாட்களும் அமைப்பு ரீதியாக வெற்றி என்பதில் ஐயமில்லை. நிகழ்வுக்குப் பின் வெளியான மதிப்பீட்டு அறிக்கை, 35 இலட்சம் பேர் வீதியோரத்தில் நின்றதாகவும், நாட்டுக்கு 12.8 கோடி பவுண் பொருளாதாரப் பயன் கிடைத்ததாகவும், அதில் 10.2 கோடி யோர்க்ஷயருக்கு வந்ததாகவும் சொன்னது. அரசு ஒரு கோடி பவுண் கொடுத்தது. ஆனால் பணத்தைச் சும்மா தூக்கிக் கொடுக்காமல், செலவையும் பாதுகாப்பையும் மேற்பார்வை செய்ய யூகே ஸ்போர்ட் என்ற அரசு விளையாட்டு அமைப்பின் கீழ் தனியாக ஒரு நிறுவனத்தை உருவாக்கச் சொன்னது. அன்றைக்கு அதைக் குறுக்கீடு என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். எனக்கு அது நல்ல ஏற்பாடாகவே தெரிகிறது, ஏனெனில் மூன்று நாட்களுக்கு யார் பொறுப்பு என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த நிறுவனம் போட்டி முடிந்ததும் கலைக்கப்படுவதற்கென்றே உருவாக்கப்பட்டது என்பதுதான் அதன் குறை.

இன்னொன்றையும் இங்கே நினைவூட்டுகிறேன். 2014 தொடக்கத்துக்கு தேசிய அமைப்புகளின் ஆதரவு பெற்றிருந்தது ஸ்கொட்லாந்தின் விண்ணப்பம். யோர்க்ஷயர் தனியாகப் போய்க் கேட்டது, பிரெஞ்சுக்காரர்கள் யோர்க்ஷயரைத் தேர்ந்தார்கள். அதைச் சாதித்தது வெல்கம் டு யோர்க்ஷயர் என்ற உல்லாசப் பயணத்துறை அமைப்பு. அப்பொழுது தவறவிட்ட எடின்பரோவுக்கு இப்பொழுது அந்த வாய்ப்பு வந்திருக்கிறது. எனவே வென்றவர்களுக்குப் பின்னாளில் என்ன ஆனது என்பதை எடின்பரோ சபையினர் ஆற அமர வாசிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மரபுரிமை, அதாவது போட்டி விட்டுச்செல்லும் நிலையான பயன், என்று அன்று எல்லோரும் உச்சரித்த பொருள் முக்கியமாக ஒரே ஒரு வடிவத்தில்தான் வந்தது: 2015 முதல் ஆண்டுதோறும் நடந்த டூர் டி யோர்க்ஷயர் போட்டி. அதுவும் நல்ல போட்டிதான், ஊர்கள் மீண்டும் மீண்டும் மஞ்சள் சைக்கிள்களை மதில்களில் கட்டின, கம்பளி நூலில் பின்னிய சிறு மேற்சட்டைகளைத் தோரணமாகத் தொங்கவிட்டன. ஆனால் மொத்த மரபுரிமையும் ஓர் அமைப்பின் தோளிலும், அந்த அமைப்பு ஒரே மனிதரின் தோளிலும் நின்றது. 2019 மார்ச்சில், செலவுகள் குறித்தும் ஊழியர்களை நடத்தும் முறை குறித்தும் எழுந்த முறைப்பாடுகளுக்கு நடுவே தலைமை நிர்வாகி பதவி விலகினார். 2020ஆம் ஆண்டுப் போட்டி கொரோனாவால் தள்ளிப்போனது. பிறகு அது நடக்கவேயில்லை. 2022 மார்ச்சில் வெல்கம் டு யோர்க்ஷயர் கடன் தீர்க்க வழியின்றி நிர்வாகிகளின் கையில் ஒப்படைக்கப்பட்டது. உலகமே பார்த்த ஒரு தொடக்கத்திலிருந்து அந்த முடிவுக்கு எட்டு ஆண்டுகள்கூட முழுதாக ஆகவில்லை. வீழ்ச்சிக்கு ஒரு நோய்த்தொற்று காரணம், ஒரு மனிதர் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. நான் பார்ப்பது வேறு: உள்ளூர்ச் சபைகளின் பணத்தை வாங்கிய ஓர் அமைப்பு, சபைகளுக்குரிய கணக்காய்வுக் கட்டுப்பாடு இல்லாமல், நல்ல பெயரை மட்டுமே மூலதனமாக வைத்து ஓடியது. பெயர் கெட்டதும் ஒன்றுமே மிஞ்சவில்லை.

ஹரோகேட்டில் 2019 செப்டெம்பரில் நடந்த உலக வீதிச் சைக்கிளோட்டப் போட்டியும் இதன் பிள்ளைதான். மழை விடாமல் கொட்டியது. நகரத்தவர் உயிராக மதிக்கும் ஸ்ட்ரே என்ற பொதுப் புல்வெளி சேறாகிப் போனது. வெளியூர்க் கூட்டம் வந்தும் எங்கள் கடை வெறிச்சோடிக் கிடந்தது என்று ஊர் வர்த்தகர்கள் பலர் முறையிட்டார்கள். ஒரே ஊர் ஐந்து ஆண்டு இடைவெளியில் விழாவாகவும் சச்சரவாகவும் மாறியதற்கு மழையை மட்டும் குறைசொல்லமுடியாது.

வர்த்தகர்களின் முறைப்பாடு எனக்குப் புதிதல்ல. இந்த நாட்டில் மூலைக்கடை நடத்தும் தமிழர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியாமலிருக்கலாம். அதிகாலையில் ஷட்டரைத் தூக்கிப் பால் பெட்டிகளை உள்ளே இழுக்கும் வேலை எங்களில் பலருக்கு நன்றாகத் தெரியும். நண்பர் ஒருவரின் கடை ஒரு பெரிய சைக்கிளோட்டத்தின் பாதையில் அகப்பட்டது. வீதி மூடப்படும் நேரம் பற்றி ஆங்கிலத்தில் ஒரே ஒரு துண்டுக் கடிதம், அதுவும் பொதுவான வாசகங்களோடு, வந்தது. கூட்டம் வருமென்று தண்ணீர்ப் போத்தல்களும் பணிஸும் இரட்டிப்பாகக் கொள்வனவு செய்து காத்திருந்தார். கடைவாசலுக்கு நேரே தடுப்புவேலி நிறுத்தினார்கள். கூட்டம் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றது. கடக்கும் இடம் இரண்டு சந்திகளுக்கு அப்பால். பணிஸை மறுநாள் தெருவாருக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். வேலி எந்தப் பக்கம், கடவை எங்கே என்ற ஒரு வரைபடம் முன்கூட்டியே கையில் கிடைத்திருந்தால் அவர் வாசலில் மேசை போடாமல் எதிர்ப்பக்கத்துக்குப் போயிருப்பார்.

கடையைக் காட்டிலும் எனக்குக் கவலை தருவது வீடுவீடாகச் செல்லும் பராமரிப்புப் பணியாளர்களின் நிலை. முதியவர் ஒருவரைக் காலையில் எழுப்பி, கழுவி, மருந்து கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் காரில் ஓடும் இந்தப் பணியில் எங்கள் ஊர்களிலிருந்து வந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். வண்டிகள் கடந்துபோவது சில நிமிடங்கள்தான். வீதி மூடப்படுவதோ பல மணிநேரம். அந்தப் பல மணிநேரத்துக்குள் வீதிக்கு இப்புறம் பணியாளரும் அப்புறம் நோயாளியும் நின்றால் என்ன செய்வது என்பதைச் சபையின் சமூகப் பராமரிப்புப் பிரிவும் போட்டி ஏற்பாட்டுப் பிரிவும் ஒரே மேசையில் இருந்து தீர்மானிக்கவேண்டும். இரத்தச் சுத்திகரிப்புக்குக் குறித்த நாளில் மருத்துவமனை போகவேண்டியவர்களின் பெயர்ப்பட்டியல் மருத்துவமனையிடம் இருக்கிறது. அதைப் பாதையோடு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அலுவலருக்கு ஒரு பிற்பகல் போதும். பாதை நெடுகிலும் வாழ்வோர் பேசும் மொழிகளில், தமிழ், உருது, போலிஷ் உட்பட, அறிவித்தலை அச்சிடுவதற்கு ஆகும் செலவு முழுச் செலவில் ஒரு தூசி.

பெண்களின் போட்டியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 2014இல் ஆண்கள் லீட்ஸிலிருந்து புறப்பட்டு ஒட்லி என்ற சிற்றூரைக் கடந்து போனார்கள். அந்த ஒட்லியில் பிறந்த சைக்கிளோட்ட வீராங்கனை லிஸி (அப்போது ஆர்மிட்ஸ்டெட், மணமானபின் டைக்னன்) அடுத்த ஆண்டே உலகச் சாம்பியன் ஆனார். 2021இல் பெண்களுக்கான முதலாவது பாரிஸ்–ரூபே ஒருநாள் போட்டியையும் வென்றார். ஆனால் 2014இல் டூரின் கடைசி நாளில் பாரிஸில் நடந்த ஒருநாள் ஓட்டம் மட்டுமே பெண்களுக்குக் கிடைத்தது. பல நாள் பெண்கள் டூர் இன்றைய வடிவில் தொடங்கியது 2022இல்தான்.

லீட்ஸ் சபையினருக்கு அதைவிடப் பழைய கதை ஒன்று சொந்தமாக இருக்கிறது. மோர்லியில் வாழ்ந்து, ருபார்ப் தோட்டத்தில் வேலை செய்துகொண்டே உலகச் சாம்பியன் ஆன பெரில் பேர்ட்டன், 1967இல், ஒருவர் பின் ஒருவராகப் புறப்பட்டுத் தனித்தனியே ஓட்டும் 12 மணிநேரத் தனியோட்டத்தில் 277.25 மைல் ஓடினார். அதே போட்டியில் அவருக்கு முன்னே புறப்பட்டு, அன்றைய ஆண்கள் பிரிவில் புதிய சாதனையைப் படைத்துக்கொண்டிருந்த மைக் மெக்நமாராவை அவர் வழியில் கடந்து போனார். போகும்போது அதிமதுர மிட்டாய் ஒன்றை நீட்டினார், அவரும் வாங்கிக்கொண்டார். மெக்நமாராவின் கணக்கு 276.52 மைல். ஒரு பெண் ஆண்களின் சாதனையைத் தாண்டியதும், அவருடைய தூரம் பெண்கள் பிரிவில் 2017 வரை, 50 ஆண்டுகள், முறியடிக்கப்படாமல் நின்றதும் உங்கள் நகரத்துக்காரர் செய்தவை. 2027 ஜூலை 30 அன்று லீட்ஸில் நிற்கப்போகும் மேடையில் எந்தப் பெயர் எழுதப்படவேண்டும் என்பதை வெளியாள் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமென்பதில்லை. நான் கேட்பது பெயர்ப்பலகையை மட்டுமன்று. ஆண்கள் கட்டத்துக்கு வீதியைச் செப்பனிடவும் பார்வையாளருக்கு இடம் அமைக்கவும் கிலோமீட்டருக்கு என்ன செலவழிக்கிறீர்களோ, பெண்கள் கட்டத்துக்கும் அதே அளவு செலவழிக்கிறீர்களா என்பதை இரு வரிசையாக எழுதி வெளியிடுங்கள். பல்லாண்டு அனுபவத்தில் சொல்கிறேன், பணம் குறையும்போது முதலில் வெட்டு விழுவது எந்த வரிசையில் என்று பெண்கள் சைக்கிளோட்டத்தைப் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

டென்மார்க்கையும் நெதர்லாந்தையும் முன்னுதாரணமாகக் காட்டுவது இந்த விடயத்தில் வழக்கம். 2022இல் கோப்பன்ஹேகனில் மழையில் நடந்த தனியோட்டத்தையும், மறுநாள் 18 கிலோமீட்டர் நீளமான கிரேட் பெல்ட் பாலத்தில் காற்றுக்கு எதிராக வீரர்கள் சென்றதையும், இரு மருங்கும் டேனிஷ் மக்கள் திரண்டதையும் நானும் தொலைக்காட்சியில் பார்த்து வியந்தேன். ஆனால் அந்த நகரங்களில் டூர் வருவதற்கு முதலே பிள்ளைகள் சைக்கிளில் பாடசாலை போனார்கள். போட்டி அவர்களுக்கு விருந்து. நமக்கு அது உணவே தேடவேண்டிய நிலையில் வரும் விருந்து. ஜென்கின் வீதியில் நின்று கைதட்டிய சிறுவன் மறுநாள் தன் சைக்கிளை வெளியே எடுத்தால் அவனுக்குக் கிடைத்தது வாகன நெரிசலும் நிறுத்தி வைத்த கார்களும்தான். போட்டிப் பாதைக்குப் புதிதாகப் போட்ட வழுவழுப்பான தார், பாதையிலிருந்து திரும்பும் முதல் சந்தியிலேயே முடிந்துவிட்டது. செப்பனிடும் செலவில் ஒரு பங்கை, போட்டிப் பாதையை அடுத்துள்ள பாடசாலைகளுக்குச் செல்லும் வீதிகளுக்கும், பாடசாலை மாணவருக்கான சைக்கிள் பயிற்சிக்கும், பழைய சைக்கிள்களைத் திருத்திக் கொடுக்கும் உள்ளூர்ப் பட்டறைகளுக்கும் இப்போதே பிரித்து வைப்பது இயலாத காரியமல்ல.

பாதுகாப்பைப் பற்றி ஒரு சொல். 2025 வுவெல்தாவின் கடைசிக் கட்டம், காஸா போரைக் கண்டித்து மட்ரிட் வீதிகளில் திரண்ட ஆர்ப்பாட்டக்காரர்களால் நடுவழியில் நிறுத்தப்பட்டதை நீங்கள் உன்னிப்பாகப் பார்த்திருப்பீர்கள். வீரர்களின் உயிருக்கு ஆபத்து வராதபடி காப்பது உங்கள் கடமை. அதேவேளை, 2009இல் வாரக்கணக்காக லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் நின்று குரல்கொடுத்த ஒரு சமூகத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில் கேட்கிறேன்: பாதுகாப்புத் திட்டத்தில் பதாகை பிடிக்க எங்கே இடம் என்பதும் எழுதப்பட்டிருக்கட்டும்.

இவ்வளவும் சொன்னபின் என் கோரிக்கைகளைச் சுருங்க வைக்கிறேன். பிரெஞ்சு நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் வணிக இரகசியமென்று சட்டம் உண்மையிலேயே காக்கும் பகுதிகள் தவிர மற்றவற்றையும், ஒவ்வொரு சபையும் ஒப்புக்கொண்ட தொகையையும் போட்டிக்கு முன்னரே வெளியிடுங்கள். போட்டிக்குப் பிந்திய ஐந்தாண்டுக்கான தொகையை அதே வரவுசெலவில் தனித் தலைப்பாக வையுங்கள். அந்தத் தொகையை ஒரு தனி அமைப்பிடம் கொடுத்தால், சபையின் கணக்காய்வாளர் அதன் கதவைத் தட்டும் உரிமையோடு கொடுங்கள். 2032இல் யாரிடம் போய் இதற்குக் கணக்குக் கேட்பது என்பதற்கு ஒரு திணைக்களத்தின் பெயரையும் ஒரு பதவியின் பெயரையும் குறிப்பிடுங்கள்.

இந்த மடலின் ஆங்கிலப் பிரதியை ஒவ்வொரு சபைக்கும் தனித்தனியே அனுப்பியிருக்கிறேன். பதில்களை, எனக்குத் தனிப்பட எழுதாமல், உங்கள் பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் சேர்த்துப் பகிரங்கமாகத் தருவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இங்ஙனம்,
ஷெஃபீல்டில் வாழும் தமிழ்ச் சைக்கிளோட்ட ஆர்வலர் ஒருவர்